எண்ணிப் போட்ட பத்துக் குச்சிகள்

1

"…அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. போட்டத எண்ணிப் போட்டீங்க, சரி. எடுத்தப்ப எண்ணி எடுத்தீங்களா? அத மட்டும் மொதல்ல சொல்லுங்க."

கேட்டவள் என் தங்கை செல்வி. கொட்டகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையின் வாசலில் நின்றுகொண்டு கேட்டாள். தலையில் வெள்ளைத் துணித் தொப்பி. என் போன் திரையில் பாதி அவள் முகம், பாதி தகரக் கூரை. அங்கே பகல் சாப்பாட்டு நேரம். இங்கே, நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன நகரத்தில், காலை எட்டு மணி, இன்னும் விடியவில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்து அன்றோடு பதினொரு வருஷம். அதைச் சொல்லத்தான் போன் எடுத்தேன் என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கோ அதைவிடப் பெரிய சங்கதி கையில் இருந்தது. கால் மணி நேரம் மூச்சு விடாமல் பெருமை அடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு "அப்படியா" கூடச் சொல்லாமல், இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டாள். என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சங்கதி.

என் தொழிலை ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. மென்பொருள் வெளியே போவதற்கு முன்னால் அதில் என்ன பிழை இருக்கிறது என்று தேடுகிறவன் நான். எத்தனை பிழை, எங்கே, எவ்வளவு நாளில் திருத்தினார்கள் என்று அளந்து வைப்பதும் என் வேலை. டயகம பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் என் பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருவன், "அப்ப அடுத்தவன் செஞ்சதுல நொட்டை சொல்றதுக்கா ஒனக்குச் சம்பளம்? எங்க வீட்டுல ஒருத்தி இத சும்மாவே செய்றாளேடா" என்றான். அதைவிடச் சுருக்கமாக என் வேலையை யாரும் சொன்னதில்லை.

எங்கள் அலுவலகம் நகரசபைகளுக்காக ஒரு மென்பொருள் செய்கிறது. இங்கே பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத முதியவர்கள் நிறையப் பேர். அவர்கள் வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்து, காலுறை மாட்டிவிட்டு, சாப்பிட்டார்களா என்று பார்த்து வரப் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு யார் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்ற பட்டியல் காலையில் அவர்கள் போனில் வரும். அந்தப் பட்டியலைத் தருவது எங்கள் மென்பொருள். பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால், அன்றைக்கு அந்தக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள்.

2

எங்கள் மென்பொருள் புதிதில்லை. பல வருஷமாக ஓடுகிறது. ஆள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குக் கூரைத் தகரம் மாற்றுவது போன்ற வேலை இது. கீழே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். மேலே நாங்கள் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருப்போம். போன இலையுதிர் காலத்தில் அப்படி ஒரு பெரிய மாற்றம் செய்தோம். டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு முன்னால் அது நகரசபைக்குப் போக வேண்டும்.

எங்கள் குழுவுக்குத் தலைவி இங்ரிட். இங்கே மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தோட்டத்துத் துரையின் ஜீப் சத்தம் கேட்டாலே வடிகானோரம் ஒதுங்கி நின்ற கால் எனக்கு. முதல் ஆறு மாதம் இங்ரிட் அறைக்குள் வந்தால் தானாக எழுந்து நிற்கும். "உட்கார், நான் காப்பி எடுக்கத்தான் வந்தேன்" என்பாள் பாவம்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் சுவரில் ஒரு கோட்டுப்படம் காட்டுவாள். அந்த வாரம் கண்டுபிடித்த பிழைகளின் எண்ணிக்கை. கோடு அழகாக இறங்கிக்கொண்டே வந்தது. ஆறாவது வாரம் இரண்டே இரண்டு பிழை. எல்லாரும் கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள். இங்கே எதற்கும் கேக்தான்.

எனக்குக் கேக் இறங்கவில்லை. பறித்த மலையிலேயே திரும்பத் திரும்பப் போய்க் கொழுந்து பறித்தால் கூடையில் விழுவது குறையத்தான் செய்யும். பக்கத்து மலை பறிக்காமல் கிடப்பது கூடைக்குத் தெரியுமா? பரிசோதிக்கிற நாங்கள் நாலு பேரும் ஆறு வாரமாக ஒரே பாதையில் நடந்துகொண்டிருந்தோம். பிழை குறைந்துவிட்டதா, இல்லை எங்கள் கண் களைத்துவிட்டதா? கோட்டுப்படத்தில் இரண்டுக்கும் ஒரே கோடுதான்.

நான் பல்கலைக்கழகம் போனவனில்லை. ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி அடித்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் கம்பியூட்டரைக் கழற்றிப் பூட்டிப் படித்தவன். கடை முதலாளி ஒரு முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் அவர் 'நானா'; எனக்கு ஒன்று சொல்லியிருந்தார்: "கஸ்டமர் பொய் சொல்ல மாட்டான் தம்பி. அவனுக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். பேசாம இருக்கான்னா எல்லாம் சரின்னு நெனச்சிடாத." அந்த வெள்ளிக்கிழமை நானாவின் குரல் காதுக்குள் கேட்டது.

அப்போதுதான் செல்வி எப்போதோ சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்தது. அவர்கள் தொழிற்சாலைக்குத் தேயிலைத் தூளிலிருந்து குச்சி பிரிக்கும் மெஷின் வந்த புதிதில், அது ஒழுங்காகப் பிரிக்கிறதா என்று பார்க்க, தூளுக்குள் சிவப்பு நூல் துண்டுகளை எண்ணிப் போட்டாளாம்.

நான் இங்ரிட்டிடம் போய்ச் சொன்னேன். "பரிசோதனைப் பிரதியில் மட்டும் பத்துப் பிழையை நாமே ஒளித்து வைப்போம். எங்கே என்று உனக்கும் எனக்கும், அதைச் செய்து தரும் ஒரு புரோகிராமருக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற மூன்று பேர் எத்தனையைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்போம். பத்தும் வந்தால் எங்கள் கண்ணை நம்பலாம்."

"நாமே பிழை செய்வதா?" என்று சிரித்தாள். ஆனாலும் சரி என்றாள். ஒளித்தோம். இரண்டே நாளில் பத்தும் வந்துவிட்டது. மறுபடியும் கேக். இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை வெளியிடுகிறோம் என்று இங்ரிட் நகரசபைக்கு எழுதியே விட்டாள்.

3

அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அப்போதும் ஒருமுறை செல்விக்குப் போன் எடுத்திருந்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"என்னென்ன பெழ போட்டீங்க?"

சொன்னேன். அழுத்தினால் வேலை செய்யாத ஒரு பொத்தான். தலைகீழாக வரும் தேதி. எழுத்து விட்டுப்போன பெயர்.

"அண்ணே, நீங்க போட்டது செவப்பு நூலு."

"நீதானே நூல் போட்டேன்னு சொன்ன?"

"சொன்னேன். அதுக்கப்புறம் நடந்ததச் சொல்ல வர்றதுக்குள்ள, பஸ் வந்துருச்சுன்னு போன வச்சிட்டீங்க. மூணு வருஷமாச்சு. நீங்க இன்னும் அந்த பஸ்ஸுலயேதான் போய்க்கிட்டு இருக்கீங்க."

மீதிக் கதையை அப்போதுதான் கேட்டேன்.

தூளுக்குள் கிடக்கும் குச்சியையும் நாரையும் முன்பு பெண்கள் கையால்தான் பொறுக்கினார்கள். பன்னிரண்டு பேர். மெஷின் வந்ததும் அத்தனை பேரையும் மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பிவிடலாம் என்று பேச்சு. தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர், "மெஷின் ஒன்னு விடாது" என்றார். செல்வி நம்பவில்லை. பத்துச் சிவப்பு நூல் போட்டுப் பார்த்தாள். மெஷின் நிறத்தைப் பார்த்துத்தானே பிரிக்கிறது? பத்தையும் துப்பிவிட்டது. டீமேக்கர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. அப்பறந்தான் தோணுச்சு. தூளுக்குள்ள நூலா கெடக்கு? குச்சிதானே கெடக்கு! அதுலயும் வெள்ளக் குச்சிய மெஷின் எடுத்துரும். தோலோட கறுத்துப்போன குச்சிதான் தூளோட தூளாப் போயிரும். எது தப்பிக்குமோ அது மாதிரியே போட்டாத்தானே அண்ணே தெரியும்."

பத்துக் குச்சியைத் தேயிலைச் சாயத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து, தனக்கு அடையாளம் தெரிய இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி, டீமேக்கர் கண்முன்னாலேயே தூளில் கலந்தாள். ஆறுதான் வந்தது. டீமேக்கர் சிரிக்கவில்லை. மெஷினுக்குப் பின்னால் நாலு பெண்கள் கையால் பார்க்க வேண்டும் என்று முடிவானது. அந்த நாலு பேருக்கும் செல்விதான் பொறுப்பு. மற்ற எட்டுப் பேர் மலைக்குத்தான் போனார்கள். அதைச் சொல்லும்போது இன்றும் அவள் குரல் இறங்கும்.

"கறுத்த குச்சியப் போடுங்க அண்ணே" என்றாள். "கேக்கு அப்பறம் திங்கலாம்."

4

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் காவியா, பதினாலு வயது. நான் தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் வரும்; இங்கே எழுதும் தமிழ் என்னுடையது. நான் நோர்வேஜிய மொழி பேசுவதைக் கேட்டால், "அப்பா, ப்ளீஸ், கடையில பேசாதீங்க" என்பாள். செல்வியை அத்தை என்று கூப்பிடச் சொல்லிக் களைத்துவிட்டேன். இங்கத்தைய வழக்கப்படி "தாந்த செல்வி" என்றுதான் வரும்.

போன வருஷம் குடியுரிமை விண்ணப்பத்தை அவள்தான் எனக்காகக் கம்பியூட்டரில் நிரப்பினாள். நான் பிறந்த வீட்டின் முகவரியைக் கேட்டது. தோட்டத்தின் பெயர், ஊரின் பெயர் சொன்னேன்.

"வீட்டு நம்பர்?"

"நம்பர் இல்லம்மா."

"தெரு?"

"தெருவும் இல்ல. லயம்."

"அப்ப கடிதம் எப்படி வரும்?"

"தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்க கூப்பிட்டுக் குடுப்பாங்க."

தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிஷனில் லெட்சுமி என்ற பெயரில் ஆறு பேர் இருந்தார்கள். ஒரு லெட்சுமியின் கடிதம் இன்னொரு லெட்சுமிக்குப் போய், அவள் படிக்கச் சொல்லிக் கேட்டு அழுது முடித்த பிறகு, "இது எனக்கில்ல போலிருக்கே" என்று திருப்பிக் கொடுத்ததுண்டு. இருநூறு வருஷமாக அந்த மலையில் இருக்கிறோம். நூறு குடும்பம், ஒரே முகவரி.

காவியாவுக்கு இதெல்லாம் கேட்கப் பொறுமையில்லை. வீட்டு நம்பர் இல்லாமல் அந்தப் படிவம் அடுத்த பக்கம் போக மறுத்தது. "ஒன்னுன்னு போடுறேன்" என்று தட்டிவிட்டாள். அப்படியாகத் தோட்டத்தில் பிறந்த நாங்கள் எல்லாருமே இந்த நாட்டின் ஏட்டில் ஒன்றாம் நம்பர் வீட்டுக்காரர்கள்.

5

செல்வி சொன்ன மறுநாள் பழைய பதிவுகளை எடுத்து உட்கார்ந்தேன். மென்பொருள் ஓடத் தொடங்கியதிலிருந்து நகரசபை அனுப்பிய முறைப்பாடுகள் எல்லாவற்றையும் படித்தேன். உண்மையான பிழைகள் எப்படி இருந்தன, எந்த மூலையில் ஒளிந்திருந்தன என்று பார்த்தேன். அவற்றின் சாயலில் பத்துப் பிழை செய்து ஒளித்தோம். பொத்தான் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். திரை பச்சையாகவே இருக்கும். உள்ளே மட்டும் ஏதோ ஒன்று தப்பாகப் போகும். கறுத்த குச்சிகள்.

ஒரு வாரம். நாலுதான் வந்தது.

அந்த வாரத்தில் அவர்கள் நிஜப் பிழையும் சில கண்டுபிடித்திருந்தார்கள், ஆறோ ஏழோ. நான் இங்ரிட்டின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். "ஒளித்த பத்தில் நாலுதான் எங்கள் கண்ணில் படுகிறது. அப்படியானால் நிஜப் பிழையிலும் பாதிக்கு மேல் இன்னும் உள்ளே கிடக்கிறது. திங்கட்கிழமை இது போகக்கூடாது."

அவள் முகம் சிவந்தது. "கோட்டுப்படம் அப்படிச் சொல்லவில்லையே. நான் திகதி கொடுத்துவிட்டேன். நீ ஒளித்தவை அளவுக்கு மீறிக் கஷ்டமானவையாக இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றேன். "ஆனால் பத்துமே இதுவரை நிஜமாக வந்த பிழைகளைப் பார்த்துச் செய்தவை."

சொல்லும்போது எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தேன். இந்த முறை மரியாதைக்கு இல்லை. உட்கார்ந்தால் விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று பயம். பட்டம் இல்லாதவன், மொழி சரியாக வராதவன், எல்லாரும் கைதட்டிய படத்தைப் பொய் என்கிறேன். தப்பாகிப் போனால் அடுத்த தடவை என் பேச்சை யார் கேட்பார்கள்?

இங்ரிட் நாள்காட்டியைத் திறந்தாள். "திங்கள் வரைக்கும் நாலு நாள் இருக்கிறது. ஒரு நிஜப் பிழையைக் காட்டு. ஆளைப் பாதிக்கிற பிழை. காட்டினால் திகதியைத் தள்ளுகிறேன்."

வராத ஆறு குச்சியையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஆறில் ஐந்து ஒரே மூலையில் இருந்தன: நடுப்பகலில் பட்டியல் மாறும் இடம். ஒரு பராமரிப்பாளருக்குச் சுகமில்லாமல் போனால் அவருடைய வீடுகளை இன்னொருவருக்கு மாற்றுவார்களே, அங்கே. காலைப் பட்டியலையே பார்த்துப் பார்த்து அந்தப் பக்கம் நாங்கள் போகவே இல்லை. பறிக்காத மலை அதுதான்.

மூன்று நாள் அந்த மலையில் திரிந்தேன். சின்னச் சின்னது ஐந்தாறு அகப்பட்டது. ஆளைப் பாதிக்கிறது ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பரிசோதனைக்காக ஒரு பொய்யான முதியவரை உருவாக்கிக்கொண்டிருந்தேன். பெயர் போட்டேன். முகவரிக் கட்டத்தில் வீட்டு நம்பர் கேட்டது. சிரிப்பு வந்தது. காவியாவைப் போல ஒன்று என்று தட்டினேன். இன்னொருவரை உருவாக்கினேன். அவருக்கும் அதே குடும்பப் பெயர். அவருக்கும் அதே தெரு, அதே ஒன்றாம் நம்பர்.

பராமரிப்பாளருக்குச் சுகமில்லை என்று வைத்துப் பட்டியலை இன்னொருவருக்கு மாற்றினேன்.

போனது இரண்டு பேர். போய்ச் சேர்ந்தது ஒருவர்.

திரை பச்சையாகவே இருந்தது. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு சிவப்பு இல்லை. ஒரே குடும்பப் பெயர், ஒரே முகவரி என்றால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று அது முடிவு கட்டிக்கொண்டு ஒரு லெட்சுமியை அழித்துவிட்டது. மறுபடி செய்தேன். மறுபடியும் ஒருவர்தான். ஐந்து முறை செய்து பார்த்துவிட்டு, "காவியா! இங்க வா!" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளை ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லாமலே போயிற்று.

"நம்ம ஒன்னாம் நம்பர் வீடு" என்றாள். தமிழில்.

திங்கள் காலை இங்ரிட்டுக்கு அதைச் செய்து காட்டினேன். அவள் ஒருமுறை பார்த்தாள். தானே சுட்டியைப் பிடித்து இன்னொருமுறை செய்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "என் அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் காலையில் மருந்து கொடுக்க ஆள் வருகிறது."

என் முன்னாலேயே நகரசபைக்குப் போன் எடுத்துத் திகதியைத் தள்ளினாள். இரண்டு வாரம் குழு முழுக்க அந்த மலையில் இறங்கிப் பறித்தோம். பிறகு மறுபடியும் புதிதாகப் பத்துக் கறுத்த குச்சி ஒளித்தோம். இந்த முறை ஒன்பது வந்தது. வராத ஒன்றின் பக்கத்தில் தேடியபோது இன்னும் ஒரு நிஜப் பிழை அகப்பட்டது. அதன் பிறகுதான் வெளியே விட்டோம், நத்தாருக்கு நாலு நாள் முன்னால். அந்த வாரமே இந்த நகரம் முழுக்கக் காய்ச்சல். பராமரிப்பாளர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். பட்டியல்கள் நாளுக்குப் பத்துத் தடவை மாறின. ஒரு கதவு விடாமல் தட்டினார்கள். நகரசபையிலிருந்து ஒரு பெண் போன் எடுத்து, "உங்கள் மென்பொருளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை" என்றாள். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய மாலை கிடையாது.

வெள்ளிக்கிழமை கோட்டுப்படத்தில் இப்போது இரண்டு கோடு. பிழை எத்தனை வந்தது என்று ஒன்று. ஒளித்த பத்தில் எத்தனை வந்தது என்று இன்னொன்று. இரண்டாவது கோட்டுக்கு இங்ரிட் வைத்திருக்கும் பெயர் 'செல்வி'. எங்கள் குழுவில் எல்லாரும் வாய் கோணிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லப் பழகிவிட்டார்கள். "இந்த வாரம் செல்வி எத்தனை?" "செல்வி எட்டு."

6

இதையெல்லாம் சொல்லி முடித்தபோதுதான் என் தங்கை அந்தக் கேள்வியைக் கேட்டாள். எடுத்தப்ப எண்ணி எடுத்தீங்களா?

"எண்ணித்தான் எடுத்தேன்" என்றேன். "அந்தப் பிரதியத்தானே திருத்தி வெளிய விடுறோம், ஒன்னு நின்னுட்டாலும் ஆபத்தில்லையா? எழுதி வச்சு, ஒவ்வொன்னா கோடு அடிச்சு. புரோகிராமர் தனியா எண்ணுனாரு, நான் தனியா எண்ணுனேன். மூணு தடவையும் பத்துக்குப் பத்து."

"அப்ப சரி. இப்பத்தான் நீங்க படிச்சவரு."

"ஒன் பேர இங்க சுவத்துல போட்டிருக்காங்க புள்ள. அதுக்கு ஒன்னும் சொல்ல மாட்டியா?"

"எழுத்துப் பெழ இல்லாமப் போட்டிருக்காங்களா, பாத்தீங்களா? அதானே ஒங்க வேல."

பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு காவியா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "தாந்த செல்வி, அந்தக் குச்சி காட்டுங்க" என்றாள்.

"அடியே, தமிழு வருதே மருமகளுக்கு!" செல்வி போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தாள். ஏப்ரன் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்தாள். "காலையில தூள்ல போட்ட பத்து. மெஷின் ஏழு குடுத்துச்சு, மிச்சத்தப் பிள்ளைங்க கையால எடுத்தாங்க. இந்தா, எண்ணு."

உள்ளங்கையில் கவிழ்த்தாள். இருபுறமும் சாய்வாக வெட்டிய கறுத்த குச்சிகள். அங்கே அவள் தமிழில் எண்ண, இங்கே காவியா நோர்வேஜிய மொழியில் கூடவே எண்ணினாள். இருவரும் ஒரே இடத்தில் நின்றார்கள்.

ஒன்பது.

செல்வி போத்தலைத் தட்டிப் பார்த்தாள். பையைப் புரட்டினாள். மறுபடி எண்ணினாள். ஒன்பதுதான். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் காலைத் தூளை மூட்டையில் நிரப்பி, வாயைத் தைக்க ஊசியைக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

"தைக்காதீங்க!" என்று திரும்பிக் கத்தினாள். "எனக்கு ஒன்னு கொறையுது!"

"செல்வி, லொறி வெளிய நிக்குது" என்றது ஓர் ஆண் குரல். டீமேக்கராக இருக்க வேண்டும். "ஒத்தக் குச்சிதானே, விடு."

அவள் அவரையும் எங்களையும் மறந்துவிட்டாள். ஒன்பது குச்சியையும் போத்தலுக்குள் போட்டு மூடி, பைக்குள் வைத்துக்கொண்டு நேராகப் போனாள். தைக்க இருந்த மூட்டையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அப்படியே குச்சி பொறுக்கும் தட்டில் கவிழ்த்தாள்.